வேலாயிக்கு ஒன்பது பதவி உயர்வு

எங்கள் வளாகத்தில் யாருக்கு எவ்வளவு வியர்க்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. அதை டைப் அடித்தவர் சூப்பரின்டென்டன்ட் ஷீலா மேடம். நம்பர் போட்டு, பதினேழு பிரதி எடுத்து, அறை அறையாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியவன் நான். என் பெயர் ஒச்சப்பன், டெஸ்பாட்ச் கிளார்க். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, போர்ட் பிளேரில் பத்தொன்பது வருஷமாகத் தபாலுக்கு முத்திரை குத்துகிறேன். கீழே வருகிற பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் வந்து நியாயம் பேச வேண்டாம்.

தீவு ஒருங்கிணைந்த மருத்துவ வளாகம் என்பது எங்கள் கட்டடத்தின் பெயர். சுனாமி நிதியில் கட்டியது. சுனாமியில் வீடு போனவர்கள் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தபோது, அவர்களுடைய நன்மைக்காகப் போடும் கையெழுத்து வியர்வையில் அழியக் கூடாது என்பதால் கட்டடம் முழுவதற்கும் சென்ட்ரல் ஏசி போட்டார்கள். மொட்டை மாடியில் பெரிய எந்திரம். அதிலிருந்து ஆள் தவழ்ந்து போகிற அகலத்துக்குத் தகரக் குழாய், கூரைக்கு அடியில் எல்லா இடத்துக்கும் ஓடியது. மூன்றாவது மாடியில் இயக்குநர் அறை, ரெக்கார்டு ரூம், மெயின்லாண்டு ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் சீட்டு வாங்க ஜனங்கள் வரிசையில் நிற்கிற நடை, தரைத்தளத்தில் பிணவறை, எல்லாவற்றுக்கும் ஒரே காற்று. எல்லா இடத்திலும் இருபத்துநான்கு டிகிரி. திறப்பு விழாவுக்குப் பிறகு பதினோரு நாள் இப்படி ஓடியது. அந்தப் பதினோரு நாளில் எங்கள் நிர்வாகம் குற்றுயிராகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் இயக்குநர் டாக்டர் முருகானந்தம் ஏதோ ஃபைல் தேடி ரெக்கார்டு ரூமுக்குள் நுழைந்தார். அங்கேயும் குளிர்ந்தது. உடனே கூட்டம் போட்டார்.

"என் ரூம்லயும் ட்வென்டி ஃபோர். ரெக்கார்டு ரூம்லயும் ட்வென்டி ஃபோர். ரெஃபரல் சீட்டுக்கு வந்து உக்காந்திருக்கிற கிழவிக்கும் ட்வென்டி ஃபோர். அப்புறம் நான் எதுக்கு இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் போட்டேன்? என் மக வந்து கேக்குறா, டாடி, உங்க ரூம் ஏன் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்குன்னு. தகப்பனா நான் என்ன பதில் சொல்றது? நான் சமத்துவத்துக்கு எதிரி இல்ல. சமத்துவம் கண்டிப்பா வேணும். ஆனா அதுக்குன்னு ஒரு கிரேடு வேணும்ல."

கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

இப்படித்தான் தகுதிக் குளிர் விதி பிறந்தது. கிரேடு பே ஏழாயிரத்து அறுநூறும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தனி ஏசி, பதினெட்டு டிகிரி வரை. அதற்குக் கீழே சீலிங் ஃபேன். அதற்கும் கீழே, ஃபேன் இருந்தால் ஃபேன். எங்கள் ஊரில் மின்சாரம் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. வளாகத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. தனி ஏசியும் சென்ட்ரலும் சேர்ந்து ஓட முடியாது. ஆகவே எரிசக்திச் சிக்கனத்தை முன்னிட்டு சென்ட்ரலை நிறுத்தினோம். அந்தச் சிக்கனத்துக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் வந்தது. இயக்குநர் அறையில் மாட்டியிருக்கிறது, போனால் பார்க்கலாம்.

ஏழு அறைக்கு ஏழு ஏசி. அவற்றின் வெளிப்பெட்டிகளை எங்கே மாட்டுவது என்று ஒரு சிக்கல் வந்தது. எஞ்சினியர் ரவிக்குமார் புத்திசாலி.

"வெளிப்பக்கம் மாட்டினா உப்புக்காத்து தின்னுரும் சார். உங்க ஜன்னல்ல கடலும் தெரியாது. காரிடார்லயே மாட்டிரலாம், சேஃபா இருக்கும்."

"சூடு?" என்றார் இயக்குநர்.

"சூடு காரிடாரோட நின்னுரும் சார். உள்ள வராது."

ரெஃபரல் சீட்டுக்கு வந்த ஜனங்களின் தலைக்கு மேலே ஏழு பெட்டிகளும் வரிசையாக ஏறின. ஏழு அதிகாரிகளின் அறையிலிருந்து பிடுங்கிய சூடு முழுக்க அந்த நடையில் இறங்கியது. தண்ணீர் ஒழுகும் குழாய்களையும் அங்கேயே விட்டார்கள். இதய நோயாளிகள் சிலர் வரிசையில் நிற்க முடியாமல் திரும்பிப் போனதால் அந்த வருஷம் ரெஃபரல் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. தீவு மக்களின் ஆரோக்கியம் மேம்பட்டிருக்கிறது என்று ஆண்டறிக்கையில் எழுதினோம்.

இன்னொரு சுற்றறிக்கையும் உண்டு. தகுதியில்லாத ஊழியர் எவரும் தகுதியுள்ள அறையில் நான்கு நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது, நின்றால் அது ஓசிக் குளிர் அனுபவித்ததாகக் கருதப்படும். நான் ஃபைலை நீட்டிவிட்டு மூன்றே முக்கால் நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவேன். ஏழாவது அறை இணை இயக்குநருடையது. அந்தப் பதவிக்கு இரண்டு வருஷமாக ஆளே வரவில்லை. ஏசி மட்டும் தினம் ஒன்பதரைக்குப் போட்டு ஆறு மணிக்கு நிறுத்தப்பட்டது. ஓடாத மெஷின் துருப்பிடிக்கும் என்றார் ரவிக்குமார்.

வேலாயி அந்த நடையைத் துடைக்கிற சஃபாய்வாலி. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து சின்ன வயதில் அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். சுனாமி அன்று அவளுடைய மகன் கச்சால் கடற்கரைக்குப் போனான். உடம்பு கிடைக்கவில்லை. மகனை இழந்தவள் என்பதால் எங்கள் வளாகத்தில் நிரந்தர வேலை கொடுத்தார்கள். புருஷன் அழகையாவோடு எங்கள் ஊர் டாலிகஞ்சில் குடியிருந்தாள். தெற்குத் தீவுக் கப்பல் வருகிற நாளில் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஜெட்டிக்குப் போவாள். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டு வருவாள். "முகத்தப் பாக்காத சாவ சாவுன்னு எப்பிடிங்க நம்புறது?" என்று என்னிடமே ஒருமுறை கேட்டாள். அன்று எனக்குத் தபால் வேலை அதிகம்.

2011, ஏப்ரல், ஒரு திங்கட்கிழமை. ஏழு பெட்டிகளும் அனல் கக்கிக்கொண்டிருந்தன. குழாய்த் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த வேலாயி பதினொரு மணிக்கு இயக்குநரின் அறை வாசலில் விழுந்தாள். சத்தம் கேட்டு இயக்குநர் கதவைத் திறந்தார். அவரும் டாக்டர்தான். பார்த்தார். சூடு உள்ளே வந்தது. மூடிவிட்டார். கீழேயிருந்து டியூட்டி டாக்டர் ஏறி வந்தபோது முடிந்துபோயிருந்தது. மாரடைப்பு என்று எழுதினார்கள். மாரடைப்பு எதனால் என்று எழுதுகிற கட்டம் எங்கள் படிவத்தில் கிடையாது.

அழகையா ஒரு மணிக்கு வந்தார். டாலிகஞ்சில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு வாட்ச்மேன், அந்தச் சட்டையோடேயே வந்திருந்தார். மனைவியைப் பார்த்தார். அழவில்லை. பிணவறைக் காவலாள் முனியாண்டியின் போனை வாங்கி மகள் ரூபாவைக் கூப்பிட்டார். ரூபா கச்சால் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவள் அழுதது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"அப்பா, நாளைக்குக் கப்பல் இருக்கு. கமோர்ட்டா, கார் நிக்கோபார் எல்லாம் சுத்தி வியாழன் காலையிலதான் வரும். நான் வர்ற வரைக்கும் எரிச்சிடாதீங்கப்பா. அண்ணன் முகத்தத்தான் பாக்கல. அம்மா முகத்தையாவது பாக்கணும்."

"வச்சிருக்கேன் புள்ள. நீ பதறாம வா" என்றார் அழகையா. ஆஸ்பத்திரியில் செத்த உடம்பை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைப்பது பெரிய காரியமா என்ன என்று அந்த அப்பாவி நினைத்துவிட்டார்.

முனியாண்டிதான் விஷயத்தைச் சொன்னான். "அண்ணாத்த, இங்க தண்டா பந்த், குளிர் கெடையாது. சென்ட்ரல் நிறுத்தி ஏழு மாசம் ஆச்சு. பாடி வைக்கிற பொட்டியும் கராப், பார்ட்ஸ் மெயின்லாண்டுலேருந்து வரணும். இப்பல்லாம் யாரும் இங்க வைக்கிறதே இல்ல. அன்னைக்கே தூக்கிருவாங்க."

வாடகைக்கு ஐஸ் பெட்டி ஊரில் ஒன்று இருந்தது, ஷாதிபூரில். அதில் ஒரு மளிகைக்கடைக்காரர் சென்னையிலிருந்து வரவேண்டிய தம் மகன்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அதோடு வேலாயி பணியில் இறந்தவள். பணியில் இறந்தால் பன்னிரண்டு படிவம். அவை முடியாமல் உடம்பை வெளியே விடுவதில்லை. ஹெலிகாப்டரில் மகளுக்கு ஒரு சீட் கிடைக்குமா என்று அழகையா கேட்டுப் பார்த்தார். கார் நிக்கோபாரில் அதிகாரிகள் விடுதிக்கு எத்தனை ஏசி தேவை என்று ஆராய ஒரு குழு போவதால் சீட் இல்லை என்றார்கள்.

அழகையாவை இயக்குநரிடம் கூட்டிப்போனேன். பொதுஜனத்துக்கும் நான்கு நிமிஷம்தான் என்பதால் வாசலிலேயே சொல்லவேண்டியதைச் சுருக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

"தொரை, என் பொஞ்சாதி கீழ கெடக்குறா. மக வியாழக்கெழம வந்துருவா. அதுவரைக்கும் அந்த ரூமுக்குக் கொஞ்சம் குளிர் வுடணுங்க."

இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். அவர் கொடுமைக்காரர் என்று யாரும் நினைக்க வேண்டாம். தோளைத் தொட ஒருநாளும் யோசித்ததே இல்லை.

"வேலாயி எங்க குடும்பத்துல ஒருத்தி மாதிரி. எனக்கு ராத்திரி தூக்கம் வராது பாருங்க. ரவிக்குமார், சென்ட்ரலைப் போட்டா என்ன?"

"போடலாம் சார். அந்த மூணு நாளும் தனி ஏசி ஏழையும் நிறுத்தணும்."

இயக்குநர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அழகையா, நான் என் ஒருத்தனுக்காகப் பேசல. நான் வேணா மூணு நாள் வேர்த்துக்குவேன். ஆனா மத்த ஆறு பேரு? அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. உயிரோட இருக்கிறவன் வேர்க்கணும், செத்தவங்களுக்குக் குளிரணுமா? இது நியாயமான்னு நீங்களே சொல்லுங்க."

அந்த ஆறு பேரில் ஒருவர் இன்னும் வேலைக்கே வராதவர். அழகையா அதைக் கேட்டார். "ஆளு வராத ரூம்ல ஓடுதுன்னு சொன்னாங்க தொரை. அதுல ஒண்ண..."

"அது போஸ்டுக்கு ஓடுது. ஆளுக்கு இல்ல" என்றார் இயக்குநர். நான்கு நிமிஷம் ஆகிவிட்டது.

ஸ்டோரில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இரண்டு ஏசி இருந்தது. வருங்கால அதிகாரிகளுக்காக வாங்கி வைத்தது. எட்டாவதாக ஒன்று ஓடினால் மின்சாரம் தாங்கும் என்றும் ரவிக்குமார் சொன்னார். ஷீலா மேடம் நல்ல மனுஷி, நாகர்கோவில்காரர், அழகையாவைப் பார்த்துக் கண் கலங்கியவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு விதியைத் திறந்தார்.

"ரூமுக்கு ஏசி குடுக்கணும்னா, அந்த ரூம்ல இருக்கப்பட்ட ஆளுக்குத் தகுதி வேணும். முனியாண்டி கடைநிலை ஊழியர், ஃபேன் கூட சந்தேகந்தான். அவரை விட்டா அங்க இருக்கது வேலாயி. வேலாயி சஃபாய்வாலி." பக்கத்தைப் புரட்டினார். "வேலாயிக்கு கிரேடு ஏறிச்சுன்னா ஏசி தன்னால வரும். இறந்தவங்களுக்கு முன்தேதியிட்டுப் பதவி உயர்வு குடுத்த கேஸ் இருக்கு. ஒச்சப்பன், எத்தன படின்னு எண்ணுங்க."

எண்ணினேன். ஒன்பது.

செவ்வாய்க்கிழமை காலை அழகையா மீன் துறைமுகத்துக்குப் போய், மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் பாளம் நாலு வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்தார். சாக்கைச் சுற்றி வேலாயியின் இரண்டு பக்கமும் முனியாண்டியும் அவருமாக வைத்தார்கள். அவள்மேல் மீன் வாடை அடிக்கிறதே என்று அழகையாவுக்கு ஒரே சங்கடம். தன் தோள் துண்டால் அவள் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று பகல் மூன்றாவது மாடியில் பதவி உயர்வுக் குழு கூடியது. எங்கள் சரித்திரத்தில் ஒரு சஃபாய்வாலியின் சர்வீஸ் புத்தகத்தை ஐந்து அதிகாரிகள் சேர்ந்து படித்தது அதுவே முதல் தடவை. முதல் நான்கு படி சுலபமாக ஏறினாள். ஐந்தாவதற்கு கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும். இயக்குநரின் கம்ப்யூட்டரை அவள்தான் தினமும் துடைத்திருக்கிறாள் என்று ஷீலா மேடம் குறிப்பு எழுதி அதைத் தாண்டவைத்தார். ஆறாவதற்கு ஹிந்தித் தேர்வு, அதற்கு விலக்கு எழுதினார். ஏழாவதற்கு, அவள்மேல் லஞ்சப் புகார் எதுவும் இல்லை என்ற சான்று. கொடுப்பதற்கு யாருமே அவளிடம் வந்ததில்லை என்பதால் அது உடனே கிடைத்தது. எட்டாவதில் ஓர் அதிகாரி எதிர்ப்புத் தெரிவித்தார்.

"எனக்கு அந்தப் படி ஏற பதினாறு வருஷம் ஆச்சு. இவங்களுக்கு ஒரு மத்தியானத்துல குடுக்கறீங்க. நாளைக்கு இவங்க எனக்கு சீனியர் ஆயிருவாங்க. நான் யார்கிட்ட லீவு கேக்குறது?"

இறந்தவரால் லீவை மறுக்க முடியாது என்று விளக்கிய பிறகு அவர் சமாதானமானார்.

புதுப் பதவிக்கு உடல்தகுதிச் சான்று கட்டாயம். டியூட்டி டாக்டர் இளைஞர், பொய் எழுத மாட்டேன் என்று நின்றார். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, "தற்சமயம் பணியில் சேரும் நிலையில் இல்லை, எனினும் அமைதியான நடத்தை உடையவர்" என்று எழுதிக் கொடுத்தார். குழு அதை ஏற்றது.

கடைசியாகப் பொறுப்பேற்புக் கடிதம். ஒவ்வொரு பதவியிலும் சேர்ந்ததாக ஊழியர் தம் கையால் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர் பெருவிரல் ரேகை. எட்டுக் கடிதங்களையும், ஒன்பதாவது வரும் என்ற நம்பிக்கையில் அதையும் சேர்த்து, மைப்பெட்டியோடு நான்தான் கீழே கொண்டுபோனேன். முனியாண்டி முடியாது என்று திரும்பிக்கொண்டான். "பாவம் லகேகா பாய், பாவம் சேரும், நான் தொட மாட்டேன்."

அழகையா என்னைப் பார்த்தார். "இதப் போட்டா குளிர் வுடுவாங்களா தம்பி?"

"விடுவாங்க" என்றேன்.

அவர் வேலாயியின் கையை எடுத்தார். விரல் விறைத்திருந்தது, மடங்கி உள்ளங்கைக்குள் கிடந்தது. பிரித்து, மையில் ஒற்றி, தாளில் வைத்தார். "கோச்சுக்காத புள்ள, இன்னும் ஒண்ணுதான்" என்று ஒவ்வொரு தாளுக்கும் சொன்னார். ஒன்பது தடவை. ஐஸ் தண்ணீர் பட்டு இரண்டு ரேகை கலைந்துவிட்டதால் அவற்றைத் திரும்ப வைக்கச் சொன்னேன். சொன்னவன் நான்தான். ஷீலா மேடம் கலைந்த ரேகையை வாங்க மாட்டார்.

புதன்கிழமை காலை அழகையா மறுபடி ஐஸோடு வந்தார். வாசலில் செக்யூரிட்டி மறித்தான். முந்தைய நாள் உருகிய தண்ணீர் பிணவறைக் கதவைத் தாண்டி வந்து, போர்டிகோவில் நின்ற ஓர் அதிகாரியின் ஷூ நனைந்திருந்தது. ஏழு ஏசியின் தண்ணீர் ஏழு மாதமாக மூன்றாவது மாடியில் ஓடியதை ஒருவரும் கவனித்ததில்லை. இந்தத் தண்ணீருக்கு உடனே உத்தரவு வந்தது: வெளி ஐஸ் வளாகத்துக்குள் அனுமதி இல்லை, பணியாளர் பாதுகாப்பு கருதி. ஐஸ் ஆட்டோவிலேயே உருகி ரோட்டில் ஓடியது. அழகையா வாசலில் நின்று அது முழுவதும் போகிற வரைக்கும் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. தான் எந்த இடத்தில் தப்புச் செய்தோம் என்றுதான் அந்த மனுஷன் யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. என்றாலும் ஒன்பதரைக்குப் பஞ்ச் அடிக்க வேண்டும் என்பதால் உள்ளே போய்விட்டேன்.

பகல் பதினொன்றரைக்குள் எட்டு உத்தரவுகள் முறைப்படி வெளியாகிவிட்டன. வேலாயி எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேலதிகாரி ஆகிவிட்டாள். ஒன்பதாவதற்கு இயக்குநரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஃபைலை மேஜையில் வைத்தேன். பேனாவைத் திறந்த இயக்குநர் மூக்கைச் சுருக்கினார்.

"என்ன ஸ்மெல் இது?"

தலைக்கு மேலே, நிறுத்திப் போட்ட சென்ட்ரலின் பழைய காற்றுவாய் இருந்தது. காற்றை நிறுத்தினார்களே தவிர தகரக் குழாயை யாரும் அடைக்கவில்லை. பிணவறைக்கும் இயக்குநர் அறைக்கும் நடுவே அது அப்படியே திறந்து கிடந்தது. வேலாயியின் வாடை மூன்று மாடியையும் ஏறி, தகுதியுள்ள ஏழு அறைகளிலும் இறங்கிவிட்டது. கிரேடு பார்க்கவில்லை. நாங்கள் வேலை செய்கிற ஹாலில் ஜன்னல் திறந்து கிடந்ததால் எங்களுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. அவர்களுடைய அறைகள்தான் குளிர் போகாமல் இறுக்கி மூடியவை.

இயக்குநர் பேனாவை மூடினார். எங்கள் வளாகம் வேகமாக வேலை செய்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். பன்னிரண்டு நிமிஷத்தில் பொதுச் சுகாதார அபாயம் என்று அறிவிப்பு. பதினைந்தாவது நிமிஷத்தில் பன்னிரண்டு படிவமும் பூர்த்தி. அரை மணியில் நகராட்சி வேன். மூன்று மணிக்குள் எரித்து முடித்துத் தகவல் தர வேண்டும்.

அழகையா படியேறி ஓடி வந்தார். நான்கு நிமிஷம் எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

"தொரை, கப்பல் கார் நிக்கோபாரைத் தாண்டிருச்சுங்க. விடிஞ்சா எம் மக வந்துருவா. ஒரே ஒரு ராத்திரி. வூட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், என் வூட்ல நாறட்டும், எனக்கு நாறாதுங்க. அவ அண்ணன் மொகத்தையும் பாக்கல தொரை."

மூக்கில் கைக்குட்டையோடு இயக்குநர் மிகப் பொறுமையாகப் பேசினார். "அழகையா, உணர்ச்சிவசப்படாதீங்க. நான் டாக்டர், சயின்டிஃபிக்கா சொல்றேன். மூணு நாளான முகத்தைப் பாத்து உங்க பொண்ணு என்ன பண்ணப் போறா? மனசு கெட்டுப்போகும். பழைய போட்டோ இருக்கும்ல, அது ஃப்ரெஷ்ஷா இருக்கும். நான் உங்க மக நல்லதுக்குத்தான் சொல்றேன். இங்க ஏழு ஆஃபீஸருங்க காலைலேருந்து சாப்பிடல. அதையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

தோளைத் தொடவில்லை. கையில் கைக்குட்டை இருந்தது.

வேனில் அழகையாவும் முனியாண்டியும் நானும் போனோம். வழியெல்லாம் அழகையா போனைக் கையில் வைத்துக்கொண்டு நம்பரை அழுத்துவதும் நிறுத்துவதுமாக இருந்தார். நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். நெருப்பு வைக்கும்போது அவள் கட்டைவிரலில் மை அப்படியே இருந்தது. இரண்டே முக்காலுக்கு முடிந்தது என்று நான் போன் போட்டுச் சொன்னேன். வெரி குட் என்றார் இயக்குநர்.

வியாழன் காலை ஏழு மணிக்கு ரூபா கப்பலை விட்டு இறங்கினாள். அழகையா ஜெட்டிக்குப் போயிருந்தார். என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு இருவரும் இறப்புச் சான்றிதழ் வாங்க வளாகத்துக்கு வந்தார்கள். அவள் தோளில் ஒரு பயணப் பை. அழுது ஓய்ந்த முகம்.

இதற்கிடையில் இயக்குநர் ஒன்பதாவது கையெழுத்தையும் போட்டிருந்தார். தொடங்கிய கோப்பைப் பாதியில் விடுவது எங்கள் மரபல்ல. நான் நம்பர் போட்டேன். விதிப்படி ரவிக்குமார் காலை ஒன்பதரைக்கே ஸ்டோரிலிருந்து புது ஏசியைக் கொண்டுவந்து பிணவறையில் மாட்டி ஓடவிட்டார். டெட்டால் போட்டுக் கழுவி, தகரக் குழாயின் வாயையும் பலகை அடித்து மூடியிருந்தார்கள். இயக்குநர் தாமே கீழே இறங்கி வந்தார்.

"வாம்மா ரூபா. உங்க அம்மா சாதாரண ஆள் இல்ல தெரியுமா? இந்தத் தீவுல ஒன்பது புரமோஷன் மூணு நாள்ல வாங்கின ஒரே ஊழியர். எல்லாம் நம்ம ஸ்டாஃபோட உழைப்பு. உள்ள போய்ப் பாருங்க. பதினெட்டுல வச்சிருக்கோம். உங்க அம்மா கிரேடுக்கு அதுவரைக்கும் போகலாம். நாலு நிமிஷமெல்லாம் உங்களுக்கு இல்ல. பன்னெண்டு மணி வரைக்கும் தாராளமா உக்காருங்க. அதுக்கப்புறம் மெஷினைக் கழட்டணும், இருக்கிற ஆள் காலி பண்ணிட்டாங்கல்ல, விதி இடம் குடுக்காது."

அழகையா உள்ளே வரவில்லை. வெளியே படியில் உட்கார்ந்துவிட்டார். ரூபா போனாள். வருகைப் பதிவில் நேரம் குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதால் நானும் கூடப் போனேன்.

அறை காலியாக, பளபளவென்று, கடுங்குளிராக இருந்தது. நடுவே கல்மேடை. ரூபா ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பல் தந்தியடிப்பது கேட்டது, ரிமோட் ரவிக்குமாரிடம் இருந்தது. பதினொன்றே முக்காலுக்கு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க கடைசி வரைக்கும் கூட இருந்தீங்கன்னு அப்பா சொன்னாரு."

"ஆமாம்மா."

"அம்மா முகம் எப்படிண்ணே இருந்துச்சு?"

நான் பார்த்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ரேகை எடுத்தபோது பார்த்தேன், புதன்கிழமை வேனில் ஏற்றும்போதும் பார்த்தேன். இரண்டும் ஒரே முகம் அல்ல. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ உண்மை நகலுக்கு முத்திரை குத்தியிருக்கிறேன்.

"நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

அவள் நர்ஸ். இரண்டு நாள் ஏப்ரல் வெக்கையில் கிடந்த உடம்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் முகத்தைப் பார்த்தாள். "சரிண்ணே" என்றாள். பன்னிரண்டு அடித்ததும் ரவிக்குமார் ஏணியோடு வந்தார். அவள் எழுந்து, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.